அலமாரியை அடுக்குகிறவன்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் தனக்கு வேண்டியதைத்தான் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான். உண்மையில், பரிமாறுகிறவன் எந்த வாளியை எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்தானோ, அதைத்தான் அவன் சாப்பிட்டிருக்கிறான். கேட்டால் வேறு பதார்த்தமும் கிடைக்கும். ஆனால் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? சினிமா பார்க்கிற விஷயத்திலும் இதே கதைதான். ஜனங்களின் ருசி இப்படி, ஜனங்களின் ருசி அப்படி என்று நாம் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அந்த ருசிக்கு எதிரே வாளியை ஏந்திக்கொண்டு நின்றவன் யார் என்று மட்டும் விசாரிப்பதில்லை.

அப்படி விசாரிக்கத் தகுந்த சரித்திரம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. படங்களை வாடகைக்கு விட்ட கடைகளின் சரித்திரம் அது. 1977-ல் ஆரம்பித்து ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்குள் அந்த வியாபாரம் பிறந்து, வளர்ந்து, பணம் கொழித்து, பெரும்பாலும் மறைந்தும் போயிற்று. நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது.

அதற்கு முந்திய நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் படமும் எடுத்தன; கொட்டகைகளையும் சொந்தமாக வைத்திருந்தன. வெளியார் கொட்டகைக்குப் படம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை. பெயர்பெற்ற நட்சத்திரத்தின் படம் வேண்டுமென்றால், யாரும் சீந்தாத பல படங்களையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல கத்தரிக்காய் வேண்டுமானால் சொத்தைக் கத்தரிக்காயையும் கூடையோடு வாங்கிக்கொண்டு போ என்கிற கணக்கு. அந்தக் காலத்து அமெரிக்கர் ஒருவர் சனிக்கிழமை மாலை எதைப் பார்ப்பது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, கொட்டகைக்காரர்கூடத் தீர்மானிக்கவில்லை. 1948-ல் பாரமவுண்ட் கம்பெனியின் பெயரால் வழங்கும் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கூடை வியாபாரத்தைத் தடுத்தது. ஸ்டூடியோக்கள் தங்கள் கொட்டகைகளையும் கைவிட வேண்டியதாயிற்று.

பிறகு டெலிவிஷன் வந்தது. அது ருசியை எப்படி உண்டாக்கிற்று என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1946-ல் ஃபிராங்க் காப்ரா என்ற டைரக்டர் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்ற படத்தை எடுத்தார். கொட்டகைகளில் அது எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974-ல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். பணம் கட்டாமல் ஒளிபரப்பலாம் என்று கண்ட டெலிவிஷன் நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. விளைவு என்ன? இன்று கிறிஸ்துமஸ் என்றால் அமெரிக்கருக்கு அந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. படம் நல்ல படம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1946-லும் அது அதே நல்ல படமாகத்தான் இருந்தது. மாறியது படமல்ல, கைக்கு எட்டும் தூரம்.

இனி நம் கதைக்கு வருவோம். 1975-ல் ஜப்பானின் ஸோனி கம்பெனி ‘பீட்டாமாக்ஸ்’ என்ற நாடாப் பதிவு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஜே.வி.சி. கம்பெனியின் ‘வி.எச்.எஸ்.’ முறை வந்தது. ஸோனியின் ஆரம்ப நாடாவில் ஒரு மணி நேரம்தான் பதியும். மற்றதில் இரண்டு மணி நேரம், அதாவது ஒரு முழுப் படம் பதியும். வீட்டுக்கு வீடு படத்தைப் பதிவு செய்துகொள்வார்கள் என்று கேட்டதும் ஸ்டூடியோக்களுக்குக் குலை நடுங்கிற்று. யூனிவர்ஸலும் டிஸ்னியும் 1976-ல் ஸோனிமேல் வழக்குப் போட்டன. ஸ்டூடியோக்களின் சங்கத் தலைவரான ஜாக் வாலண்டி என்பவர் 1982-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் சாட்சி சொன்னபோது, தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ, அப்படித்தான் சினிமாத் தொழிலுக்கு இந்த யந்திரம் என்று கர்ஜித்தார். 1984 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் யந்திரத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. ஒரே ஒரு நீதிபதி மாறிச் சொல்லியிருந்தால் கதையே வேறாகப் போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால், எண்பதுகள் முடிவதற்குள்ளேயே கொட்டகை வசூலைவிட நாடா வியாபாரத்தில் வந்த பணம் அதிகமாகிவிட்டது. கொலைகாரன் என்று அழைக்கப்பட்டவன்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டான்.

நாடாவில் படங்களை முதலில் விற்றவர் மிச்சிகன் மாகாணத்திலிருந்த ஆண்ட்ரே பிளே என்பவர். 1977-ல் அவர் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனியிடம் ஐம்பது படங்களுக்கு உரிமை வாங்கி நாடா போட்டு விற்றார். விலையோ சாமானியர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதே வருஷக் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் அட்கின்ஸன் என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஐம்பது படங்களையும் பீட்டாமாக்ஸில் ஒன்று, வி.எச்.எஸ்ஸில் ஒன்றாக வாங்கி, வில்ஷையர் வீதியில் ஒரு சிறு கடையில் வைத்தார். வருஷத்துக்கு ஐம்பது டாலர் அல்லது ஆயுளுக்கு நூறு டாலர் கட்டி அங்கத்தினராக வேண்டும். பிறகு நாளொன்றுக்குப் பத்து டாலர் வாடகை. அமெரிக்காவின் முதல் வீடியோ வாடகைக் கடை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஸ்டூடியோக்கள் சும்மா இருக்குமா? வீட்டில் பார்க்கத்தானே விற்றோம், வாடகைக்கு விட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று அதட்டின. இந்த இடத்தில்தான் சரித்திரம் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. அட்கின்ஸனைக் காப்பாற்றியது ஒரு நாவல்.

அந்த நாவலின் பெயர் ‘தி காஸ்ட்அவே’. எழுதியவர் ஹாலி எர்மினி ரைவ்ஸ் என்ற அம்மையார். 1904-ல் வெளிவந்தது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமையை மீறியதாகும் என்று பதிப்பாளர்கள் அதில் அச்சடித்திருந்தார்கள். நியூயார்க்கின் மேஸிஸ் கடைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் எண்பத்தொன்பது சென்டுக்கு விற்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 1908-ல் தீர்ப்பு வந்தது: புத்தகத்தை ஒரு தடவை விற்ற பிறகு, அந்தப் பிரதியை வாங்கியவன் என்ன விலைக்கு விற்கிறான் என்பதில் பதிப்பாளருக்குப் பேச்சில்லை. பின்னால் சட்டத்திலும் இந்தக் கொள்கை இடம்பெற்றது. வாங்கிய பிரதி வாங்கியவனுடையது. அவன் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், வாடகைக்கும் விடலாம்.

அந்த நாவலை இன்று படிக்கிறவர்கள் அநேகமாக இல்லை. ஆனால் அதன் விலைத் தகராறு எழுபது வருஷங்களுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கதவு திறந்துவிட்டது. நாவல்களால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வதாக இருக்கிறேன்.

ஸ்டூடியோக்கள் அந்தக் கதவை மூடப் பார்க்காமல் இல்லை. 1984-ல் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. படங்களுக்கும் அதே மாதிரி சட்டம் வேண்டுமென்று அவை முயன்றன, பலிக்கவில்லை. ஆகவே தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. மளிகைக்காரர் ஒரு மூலையில் நாடா வைத்தார், சலூன்காரர் வைத்தார், வேலை போனவர் கைப்பணத்தைப் போட்டுத் தனிக் கடையே திறந்தார். யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடைக்காரருக்கு ஜப்பானியப் படங்களில் பித்து இருந்தால் அந்தத் தெருவே அகிரா குரோசாவாவைப் பார்த்தது. பேய்ப் படங்களில் பித்து இருந்தால் அந்தத் தெரு பயந்துகொண்டே தூங்கிற்று.

நம்மிடமும் இந்த அலை வந்தது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்பதுகளில் டெக்கையும் டெலிவிஷனையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த தெருக்கள் எத்தனை! எங்கள் பேட்டையில் கேசட் கடை வைத்திருந்தவர் ஒரு நாள் நான் எடுத்த கேசட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “இது உங்களுக்குச் சரிப்படாது சார். பாதியிலே எழுந்துடுவீங்க. இதைக் கொண்டு போங்க” என்று வேறொன்றைக் கொடுத்தார். எனக்குச் சற்றுக் கோபம்தான். ஆனாலும் அவர் சொன்னது சரியாக இருந்தது. அவருக்கு என்னைத் தெரியும். எனக்கும் அவரைத் தெரியும். அவர் ஒரு படத்தைத் தள்ளிவிடப் பார்த்தால், எதற்காகத் தள்ளுகிறார் என்பதை அவர் முகத்திலேயே படித்துவிடலாம்.

கடைக்காரருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியலாமா என்ற கேள்வியும் ஒரு சமயம் எழுந்தது. 1987-ல் ராபர்ட் போர்க் என்பவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக்க ஜனாதிபதி ரீகன் பெயர் கொடுத்தார். தனிமனிதனின் அந்தரங்கத்துக்கு அரசியல் சட்டத்தில் பொதுவான உரிமை எதுவும் இல்லை என்ற அபிப்பிராயம் கொண்டவர் போர்க். வாஷிங்டன் நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றின் நிருபர் வீடியோ கடைக்குப் போய், போர்க் குடும்பத்தார் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியலை வாங்கிப் பிரசுரித்துவிட்டார். ஹிட்ச்காக்கின் படங்கள், மார்க்ஸ் சகோதரர்களின் ஹாஸ்யம் — குற்றம் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் காங்கிரஸ் அங்கத்தினர்களுக்குத் தங்கள் தங்கள் பட்டியல் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த வருஷமே, 1988-ல், வாடகைக் கணக்கை வெளியிடக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். சாதாரணமாகச் சட்டங்கள் அவ்வளவு சுறுசுறுப்பாகப் பிறப்பதில்லை.

இதற்கிடையில் சிறு கடைகளுக்கு எமன் வந்துவிட்டான். 1985 அக்டோபரில் டெக்ஸஸ் மாகாணத்து டல்லஸ் நகரில் டேவிட் குக் என்பவர் ‘பிளாக்பஸ்டர்’ என்ற கடையைத் திறந்தார். எட்டாயிரம் நாடாக்கள், கம்ப்யூட்டர் கணக்கு, கண்ணைப் பறிக்கும் விளக்குகள். 1987-ல் வெய்ன் ஹைஸெங்கா இதில் புகுந்தார். அதற்கு முன்பு அவர் குப்பை லாரி வியாபாரத்தில் கோடீசுவரரானவர். குப்பையோ படமோ, லாரி நிறைய ஏற்றி ஊர் ஊராக இறக்கினால் காசு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1994-ல் வயாகாம் கம்பெனி 840 கோடி டாலருக்கு இதை வாங்கிற்று. 2004-ல் உலகம் முழுவதும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள்.

இவ்வளவு பெரிய அலமாரியை ஒருவனே அடுக்கினால் என்ன ஆகும்? பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கக் கூடாத படங்களுக்கு ‘என்.சி.-17’ என்ற முத்திரை 1990-ல் ஏற்பட்டது. அந்த முத்திரை விழுந்த படங்களை வைப்பதில்லை என்று பிளாக்பஸ்டர் முடிவு செய்தது. மேலுக்கு இது ஒரு கடைக்காரரின் சொந்த விஷயம்தான். ஆனால் அந்தக் கடையில் இடமில்லையென்றால் போட்ட பணம் திரும்பாது என்ற நிலையில், டைரக்டர்கள் படத்தை வெட்டினார்கள். ‘பேட் லெஃப்டினன்ட்’ என்ற 1992-ஆம் வருஷப் படத்துக்கு வீடியோ கடைகளுக்கென்றே தனியாக ஒரு வெட்டுப் பிரதி தயாராயிற்று. சர்க்கார் தணிக்கை இல்லாத தேசம் என்று பெருமை பேசுகிற இடத்தில் கடை அலமாரி தணிக்கை அதிகாரியாக உட்கார்ந்துவிட்டது.

1998-ல் இன்னொரு மாற்றம். அதுவரை கடைக்காரர்கள் ஒரு நாடாவை அறுபது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். ஆகவே புதுப் படமானாலும் சில பிரதிகள்தான் வாங்க முடியும். அவை வெளியே போயிருந்தால் வாடிக்கைக்காரர் பழைய படம் ஒன்றை எடுத்துப் போவார். இப்போது பிளாக்பஸ்டர் ஸ்டூடியோக்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நாடாவை அற்ப விலைக்குக் கொடுங்கள், வாடகையில் பங்கு தருகிறோம் என்று. சுவர் முழுவதும் ஒரே புதுப் படம் வரிசை வரிசையாக நின்றது. ‘இல்லை’ என்ற வார்த்தை கடையிலிருந்து ஒழிந்தது. அதோடு, அந்த ‘இல்லை’யின் தயவால் பிழைத்திருந்த பழைய படங்களும் மூலைக்குப் போயின.

அப்போதுதான் கலிபோர்னியாவில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்ற இருவர் தபாலில் படம் அனுப்பும் வியாபாரம் தொடங்கினார்கள். 1997-ல் ஸ்தாபித்த நெட்ஃபிளிக்ஸ் 1998 ஏப்ரலில் கடை திறந்தது. கையிலிருந்தவை சுமார் 925 டி.வி.டி. படங்கள். திருப்பிக் கொடுக்கத் தாமதமானதற்காக நாற்பது டாலர் அபராதம் கட்டிய எரிச்சலில்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஹேஸ்டிங்ஸ் சொல்வதுண்டு. அது ஒரு சௌகரியமான கதை, நடந்தது அவ்வளவு சுருக்கமானதல்ல என்று ராண்டால்ஃப் பின்னால் எழுதியிருக்கிறார். 2000-ல் இந்தக் கம்பெனியை ஐந்து கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ள பிளாக்பஸ்டருக்குச் சந்தர்ப்பம் வந்தது; வேண்டாமென்று விட்டது. பத்து வருஷம் கழித்து, 2010 செப்டம்பரில், பிளாக்பஸ்டர் திவாலாயிற்று.

தபால் கடைக்குச் சுவர் இல்லை. ஆகவே எதையும் மூலைக்குத் தள்ள வேண்டியதில்லை. 925 படங்கள் பெருகிப் பெருகி ஒரு லட்சத்தை எட்டின. வாடிக்கைக்காரர் பார்க்க விரும்பும் படங்களை வரிசையாக எழுதி வைப்பார். ஒன்று திரும்பி வந்ததும் அடுத்தது போகும். புதுப் படங்களின் பிரதிகள் போதாதபோது, இதுவும் உங்களுக்குப் பிடிக்கும் என்று பழைய படங்களைச் சிபாரிசு செய்யக் கம்பெனியே கணித முறை ஒன்றை வைத்திருந்தது. அதில் கம்பெனிக்கும் லாபம்; மறந்துபோன படங்களுக்கும் வாழ்வு. சினிமா ரசிகனுக்கு அதைப்போல ஒரு பொற்காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் மனித மனம் லேசானதல்ல. ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி தபாலில் டி.வி.டி. அனுப்பிய ஒரு கம்பெனியின் கணக்குகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் புரட்டிப் பார்த்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பார்த்தால் நல்லது என்று எண்ணி வரவழைத்த கனமான படங்கள் வீட்டிலேயே தூசி படிந்து கிடந்தன; பொழுதுபோக்குப் படங்கள் சீக்கிரம் திரும்பி வந்தன. நாளைக்கு என்று தேர்ந்தெடுக்கும்போது நாம் எல்லோரும் மகான்கள். இன்று ராத்திரிக்கு என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் நம் நிஜ சொரூபம் வெளிப்படுகிறது. என் மேஜைமேல் கிடக்கும் சில தடித்த புத்தகங்களுக்கும் இந்த உண்மை தெரியும். ஆனாலும் அந்தப் படங்கள் வீட்டுக்கு வந்தன அல்லவா? ஒரு மழை நாளில் யாராவது ஒருவர் அதை ஓட்டிப் பார்த்திருப்பார். மகானாக விரும்புகிற மனிதனுக்கு அந்த முறை ஓர் இடம் வைத்திருந்தது.

2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தந்தி வழியாகவே — இன்றைய பாஷையில் இணையத்தின் வழியாக — படம் காட்டத் தொடங்கிற்று. ஆரம்பத்தில் சுமார் ஆயிரம் படங்கள். வரிசை எழுதி வைக்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. அதாவது நாளைக்கு என்ற பேச்சே இல்லை, எல்லாம் இன்று ராத்திரிதான். கம்பெனியைச் சேர்ந்த இருவர் 2015-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விவரம் தருகிறார்கள். பார்வையாளர் அறுபதிலிருந்து தொண்ணூறு விநாடிவரைதான் தேடுவார், பத்து இருபது பெயர்களைப் பார்ப்பார், பிடிக்கவில்லையென்றால் போய்விடுவார். பார்க்கப்படும் நேரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, கம்பெனி எடுத்துக் காட்டிய வரிசைகளிலிருந்துதான் வருகிறது. தேடிப் பார்ப்பது இருபதே பங்கு. பந்தியில் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று ஆரம்பத்தில் கேட்டேனே, அதற்குக் கணக்கு இதுதான்.

அது மட்டுமல்ல. ஒரே படத்துக்கு ஆளுக்கொரு முகப்புப் படம் வைக்கிறோம் என்று 2017-ல் அவர்களே விளக்கினார்கள். ‘குட் வில் ஹண்டிங்’ என்ற படத்தைக் காதல் பிரியருக்குக் காட்டும்போது காதலர் இருவர் முகம். ஹாஸ்யப் பிரியருக்குக் காட்டும்போது ராபின் வில்லியம்ஸின் முகம். அந்தக் காலத்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் படத்தை மாற்றினார். இப்போதோ படமே என்னைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொள்கிறது.

இதனால் நன்மை இல்லையென்று நான் சொல்லவரவில்லை. 2021-ல் கொரிய பாஷையில் எடுத்த ‘ஸ்க்விட் கேம்’ என்ற தொடரை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அமெரிக்கச் சிற்றூர்க் கொட்டகைக்காரர் எவரும் அதை எடுத்திருக்க மாட்டார். 1948-க்கு முந்திய கூடை வியாபாரிகளோடு ஒப்பிட்டால் பார்வையாளருடைய சுதந்திரம் எவ்வளவோ பெருகியிருக்கிறது. என் கவலை வேறு.

மோசமான அலமாரி முன்பும் இருந்தது. ஆனால் அதற்கு மாற்று இருந்தது: எதிர்த் தெருவில் இன்னொருவர் கடை போடலாம். அப்படிப் போட முடிந்ததற்குக் காரணம் அந்த 1908-ஆம் வருஷத் தீர்ப்பு. பிரதி என்று ஒரு வஸ்து இருந்தது; அதை வாங்கினால் அது நம்முடையது. இணையத்தில் வரும் படத்தில் பிரதியே கிடையாது. காட்டுகிறவர் அனுமதிக்கிறவரை பார்க்கலாம், அவ்வளவுதான். நெட்ஃபிளிக்ஸே இதை அனுபவித்தது. ‘ஸ்டார்ஸ்’ என்ற கம்பெனியோடு 2008-ல் செய்த ஒப்பந்தம் 2012-ன் தொடக்கத்தில் முடிந்ததும், நூற்றுக்கணக்கான படங்கள் ஒரே நாளில் மறைந்தன. அதற்கு முன்பே கம்பெனி தனக்கென்று சொந்தத் தொடர்களை வெளியிடத் தீர்மானித்திருந்தது. 2013 பிப்ரவரியில் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் பதின்மூன்று பகுதிகளும் ஒரே நாளில் வெளியாயின. எடுக்கிறவரும் அவரே, கொட்டகையும் அவரே. 1948-ல் கோர்ட்டு எதைப் பிரித்ததோ, அது வேறு வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. அந்தப் பழைய வழக்கின் கட்டுப்பாடுகளையும் 2020-ல் நீக்கிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் தபால் கடையையும் மூடிற்று. ஒரு லட்சம் படங்களைச் சிவப்பு உறையில் வீட்டுக்கு அனுப்பிய அந்த அலமாரி கலைந்தது.

சியாட்டில் நகரில் ‘ஸ்கேர்குரோ வீடியோ’ என்ற கடை இன்னும் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை வைத்துக்கொண்டு, 2014 முதல் லாப நோக்கமில்லாத ஸ்தாபனமாக நடக்கிறது. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. டிஸ்க் என்ற வஸ்து கையிலிருக்கிறவரை ரைவ்ஸ் அம்மையாரின் நாவல் அவர்களைக் காக்கும். ஆனால் இணையத்துக்கென்றே எடுத்து, டிஸ்க்காக வெளியிடாத படங்களை அவர்களும் வாங்கிவைக்க முடியாது. ஐம்பது வருஷம் கழித்து, கைவிடப்பட்ட ஒரு படத்தை யாரோ ஒரு நிலையம் திரும்பத் திரும்பப் போட்டு அதற்கு உயிர் கொடுக்க வேண்டுமானால், அந்தப் படம் எங்கேயாவது ஒரு பெட்டியில் கிடக்க வேண்டுமே!

நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2016 ஜனவரியில். இப்போது அதைப்போலப் பல வந்துவிட்டன. இனி இந்தக் கதை நம் வீட்டுக் கதையும்தான். வாசகர்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. ஒரு சிறு பரீட்சை மட்டும் சொல்கிறேன். பார்க்க வேண்டும் என்று என்றைக்கோ நினைத்த படம் ஒன்றின் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகு பெட்டியைத் திறவுங்கள். அது தானாக முன்வந்து நீட்டும் எதையும் தொடாமல், உங்கள் படத்தைக் கேளுங்கள். கிடைத்தால் சந்தோஷம். இல்லையென்று பதில் வந்தால், காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். நமக்கு எதெல்லாம் வேண்டியிருந்தது என்பதற்கு நம்மிடம் ஓர் அத்தாட்சியாவது இருக்கட்டும்.